ஆமெனுக்கு முன் பன்னிரண்டு யூனிட்

ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்று சண்டே ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் என்னுடைய நிச்சயதார்த்த ஜெபத்தில் கண்ணை மட்டுமா திறந்தேன்? வாயையும் திறந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அடுக்கி வைத்திருந்த கல்கண்டுத் தட்டைக் கிட்டத்தட்ட முழுசாகத் தின்று தீர்த்தேன். அதுவும் பட்டுப்புடவையில், தலை கொள்ளாத மல்லிகைப் பூவோடு, இருநூறு பேர் முன்னிலையில். இதை இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம், என் பக்கத்து நியாயத்தை இன்றுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. (கேட்க உட்கார்ந்தவர்களும் பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள்.)

எனக்குப் பதினான்கு வயதில் சர்க்கரை நோய் வந்தது. நடந்தால் குறையும், இனிப்பை விட்டால் அடங்கும் என்கிற கௌரவமான சர்க்கரை அல்ல. கணையம் இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிடுகிற ரகம். என் கணையம் ராஜினாமா கடிதம்கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனது. அன்றிலிருந்து அதன் வேலையையும் சேர்த்து நான்தான் பார்க்கிறேன். ராத்திரிக்கு ஒரு ஊசி. அதுபோக, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கால் மணி நேரம் முன்னால் ஓர் ஊசி. தட்டில் எத்தனை இட்லி விழப்போகிறது, குழம்பில் உருளைக்கிழங்கு உண்டா, கூட ஒரு வாழைப்பழம் உண்டா என்று மாவுச்சத்தை மனதுக்குள் கூட்டி, அதற்கேற்ற அளவு போட வேண்டும். போட்டுவிட்டால் சாப்பாடு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் அந்த மருந்து காலி செய்துவிடும். கை நடுங்கும், வேர்க்கும், புத்தி பேதலிக்கும், ஆள் மயங்கி விழுவார். இதை நான் பிரமாதமாக விளக்குவேன். ஏனென்றால் நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். கணையத்தின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற ஆள்.

நோய்தான் என்னுடையது. ரகசியம் அம்மாவுடையது. மதுரையில் டாக்டர் எல்லா விவரமும் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இது வெளிய பாத்தாத் தெரியுமா சார்?" என்பதுதான். தெரியாது என்றதும் அம்மாவுக்குப் பாதி நோய் குணமாகிவிட்டது. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு ஓரிடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும், நாலு பேர் காதுக்குப் போனால் அவ்வளவுதான். அன்றோடு எங்கள் வீடு ஓர் உளவுத்துறை அலுவலகமானது. இன்சுலின் வைக்க பிரிட்ஜ் வாங்கினார்கள். வாளித் தண்ணீரில் கை வைத்தாலே விரல் மரத்துப்போகிற கொடைக்கானலில் பிரிட்ஜ் எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "கிறிஸ்மஸ் கேக்குக்கு" என்றாள் அம்மா. இன்சுலின் டப்பாவின் மேல் 'ஈஸ்ட்' என்று எழுதி ஒட்டியும் வைத்தாள். (எங்கள் பரம்பரையில் ஒருவரும் ஒரு பன்னைக்கூடச் சுட்டதில்லை.)

விஷயம் தெரிந்த ஒரே உறவு, பூம்பாறையில் வெள்ளைப்பூண்டு போடுகிற சித்தி. ஊசியில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு மூட்டை மலைப்பூண்டைக் கொண்டுவந்து இறக்கி, "வெறும் வயித்துல பதினோரு பல்லு மென்னு தின்னுடி. உன் கணையம் எந்திரிச்சு ஓடியாரும் பாரு" என்றாள். ஊசியை நான் விடவில்லை, ஆனால் சித்தியின் மனம் நோகக் கூடாது என்று பூண்டையும் தின்றேன். கணையம் எழுந்து வரவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார்கள்.

இந்த லட்சணத்தில் எனக்கு வத்தலக்குண்டில் இருந்து வரன் வந்தது. பெயர் ஜெபசிங், அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். (பெயரின் முதல் பாதியைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.) பார்க்க லட்சணம், பேச்சில் நிதானம். பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா என் வாயில் ஒரு முழு ஜாங்கிரியைத் திணித்தார். நான் சிரித்துக்கொண்டே விழுங்கிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் ஐந்து யூனிட் போட்டுக்கொண்டு, முகம் கழுவியது போல் திரும்பி வந்தேன். அதன் பிறகு மூன்று மாதம் போனில் பேசினோம். "உங்களுக்கு என்ன ஸ்வீட் பிடிக்கும்?" என்று ஒருநாள் கேட்டார். "எல்லாமே பிடிக்கும், ஆனா அளவாத்தான் சாப்பிடுவேன்" என்றேன். என்ன ஒரு கட்டுப்பாடான பெண் என்று அவர் பூரித்துப் போனதாகப் பின்னால் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று நான் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு தடவை போனை எடுக்கும்போதும் நினைத்தேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

"சொன்னேன்னா இந்த வீடும் போயிரும் எஸ்தரு. தாலி கழுத்துல ஏறட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கிருவோம்."

"அது ஏமாத்துறது இல்லையாம்மா?"

"ஏமாத்துறதா? கேட்டாத்தான பொய்யி? அவுக கேக்கவே இல்லயே."

இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் என் வாழ்க்கையை விட்டுப் போய்விடுவார் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால் படித்த, பாடம் எடுக்கிற, மூளையுள்ள நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் ஜனவரியில், எங்கள் சபை ஹாலில். நிகழ்ச்சி நிரல் எனக்கு மனப்பாடம். பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம். அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயப் புடவையைக் கொடுப்பார்கள். பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். வந்ததும் எங்கள் போதகர் முடிவு ஜெபம் செய்வார். பிறகு இரண்டு வீட்டாரும் தட்டு மாற்றுவார்கள், மோதிரம் போடுவார்கள், நேரே சாப்பாடு. ஜெபம் ஐந்து நிமிடம், தட்டு ஐந்து, மோதிரம் ஐந்து, ஆகப் பதினைந்து நிமிடம். புடவை மாற்றும்போதே ஊசியைப் போட்டுவிட்டால் சரியாகச் சோறு இலையில் விழும்போது மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும். பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம், அப்படி ஒரு துல்லியமான திட்டம்.

புடவை மாற்றும் அறைக்குப் பின்னாலேயே சமையல். அண்டாவின் மூடியைத் திறந்தார்கள் போலிருக்கிறது, சிக்கன் பிரியாணி வாசம் ஜன்னல் வழியாக வந்து என் மடியில் உட்கார்ந்தது. அந்த வாசத்தில்தான் நான் கணக்கில் கொஞ்சம் தாராளம் காட்டினேன். ஒரு தட்டு பிரியாணி, மேலே இன்னொரு கரண்டி, கூட பிரெட் அல்வா. பன்னிரண்டு யூனிட்! போட்டு முடித்து ஊசியைக் கைப்பைக்குள் வைத்தேன். உள்ளே அவசரத்துக்கு வைத்திருந்த மிட்டாய், ஜூஸ் டப்பா எல்லாம் இருந்தன. பையைத் தோளில் மாட்டியதும் அம்மா பாய்ந்து வந்தாள்.

"நிச்சயத்துக்குப் பையைத் தொங்கப் போட்டுக்கிட்டா நிப்ப? பஸ் ஸ்டாண்டுக்கா போற?"

"அம்மா, அதுலதான் மிட்டாய் இருக்கு."

"இந்தா இருக்கு சாப்பாடு, பத்து நிமிசத்துல. குடு இங்க."

பையைப் பிடுங்கி அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். புடவையில் பாக்கெட் கிடையாது. புடவையைக் கண்டுபிடித்தவருக்குச் சர்க்கரை நோய் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

என்னையும் ஜெபசிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிரே நீள மேசை. அதில் எங்கள் வீட்டுத் தட்டுகள் ஏழு: ஆப்பிள், ஆரஞ்சு, மலைவாழை, பேரிக்காய், பூ, கண்ணாடித் தாள் சுற்றிய கொடைக்கானல் சாக்லேட். ஏழாவது, என் மூக்குக்கு நேரே, கோபுரமாக அடுக்கிய கட்டிக் கல்கண்டு. தட்டுகளுக்கு நடுவில் குட்டி ஸ்டாண்டில் ஒரு மைக். எங்கள் போதகர் எழுந்து நாலே நிமிடத்தில் ஜெபத்தை முடித்தார். அந்த மனுஷன் நூறு வருஷம் நல்லா இருக்கணும். எல்லோரும் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கப் போன நேரத்தில், மாப்பிள்ளை வீட்டு வரிசையில் இருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"நானும் ஒரு சின்ன ஜெபம் பண்ணிர்றேனே."

ஜெபசிங்கின் பெரியப்பா. ஓய்வுபெற்ற போதகர். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரே இல்லை. எழுந்து வந்து எங்கள் இருவர் நாற்காலிக்கும் பின்னால் நின்றுகொண்டார். இருநூறு பேரும் மறுபடி கண்ணை மூடினோம். 'சின்ன' என்கிற சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் என்ன அளவு என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் ஆதாமில் இருந்து ஆரம்பித்தார். முதல் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் ஆண்டவரே அல்லவா என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். அங்கிருந்து ஈசாக்கு, ரெபெக்காள். "யாக்கோபு ராகேலுக்காகப் பதினாலு வருசம் காத்திருந்தானே ஆண்டவரே!" என்று உருகினார். காத்திருப்பான். அவன் என்ன பன்னிரண்டு யூனிட் போட்டுக்கொண்டா காத்திருந்தான்? வேதாகமத்தை விட்டு ஒருவழியாக மலைப்பாதைக்கு வந்தார். கொண்டை ஊசி வளைவுகளுக்காக, மண்சரிவுக்காக, பஸ் டிரைவர்களுக்காக, சுற்றுலாப் பயணிகளுக்காக ஜெபித்தார். அப்புறம் உறவுக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து ஆசீர்வதிக்கத் தொடங்கினார். கத்தாரில் இருக்கிற ஒருவருடைய மூட்டுவலிக்காக அவர் மன்றாடிக்கொண்டிருந்தபோது என் உதடு மரத்தது.

எனக்கு அந்த அறிகுறி நன்றாகத் தெரியும். சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது. அடுத்து நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஜனவரி மாதக் கொடைக்கானலில், ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்த ஹாலில், ஸ்வெட்டர் போட்ட இருநூறு பேருக்கு நடுவே எனக்கு மட்டும் வேர்த்து ஒழுகியது. உடம்பே தடதடவென்று நடுங்கியது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஆசீர்வாதம் செய்யத் தன் கையை என் தலைமேல் வைத்தார். நடுக்கம் அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது. பிள்ளை ஜெபத்தில் உருகி நடுங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்த மகளைத் தொடுறீரே! இந்த நடுக்கத்தை நான் உணருறேனே!"

"ஸ்தோத்திரம்!" என்று ஹால் முழுக்க ஒரே குரல். அவருக்கு உற்சாகம் பிறந்து, கத்தார்க்காரரை விட்டுவிட்டு மறுபடி ஆதியாகமத்துக்கே போனார்.

எழுந்து கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், எல்லோரும் கேட்டார்கள். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மூன்று மாதம் மறைத்தது வெளியே வரும், ஜெபசிங் போய்விடுவார். இந்தா ஆமென் வந்துவிடும், இந்தா வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயங்கி விழுந்தாலும் விழலாம், விஷயம் மட்டும் தெரியக் கூடாது என்று நான் அந்த நாற்காலியில் தீர்மானம் செய்தது உண்மை. இதைவிடக் கடைந்தெடுத்த முட்டாள்தனத்தை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

பெரியப்பாவின் கை என் தலையில் இருந்து எடுபட்டு ஜெபசிங்கின் தலைக்குப் போனது. நான் கண்ணைத் திறந்தேன். இருநூறு பேரும் கண் மூடி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கல்கண்டு. தட்டு தானாகவே என்னை நோக்கி நகர்ந்து வந்தது போலக்கூட இருந்தது. (சர்க்கரை இறங்கினால் இப்படியெல்லாம் தோன்றும் என்று விட்டுவிட்டேன்.) கோபுரத்தின் உச்சிக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

'கடக்.'

ஹாலின் நான்கு மூலை ஸ்பீக்கரிலும் கேட்டது. மைக்கை நான் மறந்தே போயிருந்தேன். பெரியப்பா ஒரு கணம் நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன். 'கடக்.' சவுண்டு செட்காரர் வயரில் கோளாறு என்று நினைத்து எங்கோ எதையோ தட்டும் சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. சபையார் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது கடிப்பது, மற்ற நேரத்தில் சப்புவது. பெரியப்பா ஒரு வாக்கியம் முடிப்பார், ஸ்தோத்திரம், கடக். அடுத்த வாக்கியம், ஸ்தோத்திரம், கடக் முடக். அன்று அந்த ஹாலில் என்னைப் போல ஸ்தோத்திரத்துக்கு ஏங்கியவர் ஒருவரும் இல்லை.

சர்க்கரை இறங்கி 'லோ' ஆனால் பதினைந்து கிராம் சர்க்கரை சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நானே பிள்ளைகளுக்கு போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் லோவில் வருகிற பசி விதி கேட்கிற பசி அல்ல. கோபுரம் இடிந்து தரைமட்டமானது. பிறகு பக்கத்துத் தட்டில் இருந்து இரண்டு மலைவாழைப்பழம். தோலை என்ன செய்வதென்று தெரியாமல் கல்கண்டுத் தட்டிலேயே ஓரமாக மரியாதையாக வைத்தேன்.

"ஆமென்!"

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். என் அப்பா ரொம்ப பக்திமான். ஜெபம் முடிந்தும் கண்ணில் ஈரத்தோடு, பரவசம் கலையாமல், எதிரே இருந்த தட்டை இரண்டு கையாலும் தூக்கி ஜெபசிங்கின் அப்பாவிடம் நீட்டினார். "எங்க பிள்ளைய உங்ககிட்ட ஒப்படைக்கிறோம் சம்பந்தி" என்றார். அவரும் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். தட்டில் மூன்று கல்கண்டும் இரண்டு வாழைப்பழத் தோலும் இருந்தன.

ஜெபசிங்கின் அம்மா எட்டிப் பார்த்தார். "ஆத்தாடி, என்னங்க இது?" என்றார். எல்லார் பார்வையும் தட்டுக்குப் போய், அங்கிருந்து என் வாய்க்கு வந்தது. வாயோரம் சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தது.

இங்கேதான் என் தாயார் தன் வாழ்நாள் சாதனையைச் செய்தாள். கண் இமைக்கவில்லை.

"பிள்ள மூணு நாளா உபவாச ஜெபத்துல இருந்துச்சு சம்பந்தி. பச்சத் தண்ணி பல்லுல படல."

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "மூணு நாளு உபவாசமா! இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பிள்ளையா! எல்லாரும் கண்ண மூடுங்க. இதுக்குன்னு ஒரு நன்றி ஜெபம் ஏறெடுப்போம்."

என் வயிற்றில் பன்னிரண்டு யூனிட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கல்கண்டு எந்த அளவுக்குத் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் "ஆதியிலே" என்று வாயெடுத்தார். எனக்குள் ஏதோ அறுந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"ஜெபம் போதும் ஐயா! எனக்கு சுகர்! பதினாலு வயசுல இருந்து சுகர்! இன்சுலின் போட்டு முக்கால் மணி நேரமாச்சு! யாராவது சோறு போடுங்க!"

ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. "காய்ச்சல்ல ஒளறுது" என்று அம்மா தொடங்கினாள். பெரியப்பா அவளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன யூனிட்டு போட்ட?"

"பன்னெண்டு."

"அடப்பாவிப் புள்ள!" என்று அலறி, சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். "ஏலே, யாருலே அங்க? சோத்தக் கொண்டா வெரசா!"

பிரியாணி பறந்து வந்தது. நான் மேடையிலேயே அள்ளி அள்ளித் தின்ன, பெரியப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் இருபது வருடமாகச் சர்க்கரையாம். அவரும் ஊசிதானாம். "அதான் நான் ஜெபம் பண்ற அன்னைக்கு முன்கூட்டியே நாலு இட்லிய உள்ள தள்ளிருவேன்மா. இல்லாட்டி நிக்க முடியாதுல்ல?" என்றார் வெள்ளந்தியாக. வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தித் தின்றுவிட்டு வந்திருக்கிறார். நாலு இட்லியின் பலத்தில் நின்றுகொண்டு இருநூறு பேரைப் பட்டினி போட்டிருக்கிறார்!

மாப்பிள்ளை வீட்டார் பிரியாணி சாப்பிட்டார்கள். பிரெட் அல்வா இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்கள். மோதிரம் மட்டும் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். ஜெபசிங் ஏறும்முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் மிஷினில் பார்த்தபோது சர்க்கரை முன்னூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. நான் அழுதது அதற்காக அல்ல.

இரண்டு வாரம் பேச்சு மூச்சில்லை. ஊருக்குத்தான் பேச்சுக்குக் குறைவில்லை. வகுப்பில் கணையப் பாடத்தை எடுத்தால் கடைசி பெஞ்சில் இருந்து யாரோ மெல்ல 'கடக்' என்றார்கள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை வெள்ளனே ஜெபசிங்கும் அவர் அம்மாவும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். அம்மா அவசரமாக அடுத்த பொய்க்குத் தயாரானாள். "நீ காப்பி போடும்மா" என்று அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, 'ஈஸ்ட்' டப்பாவை எடுத்துவந்து மேசையில் கவிழ்த்தேன். ஊசி, மருந்து, மிஷின் எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். அவர்கள் எதிரிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக் காட்டினேன்.

"ஆயுசுக்கும் ஊசியா?" என்று கேட்டார் அவர் அம்மா.

"ஆயுசுக்கும்தான்."

"பிள்ளகுட்டி?"

"கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது. டாக்டர்கிட்ட நீங்களே வந்து கேளுங்க."

ஜெபசிங்கின் அம்மா ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு குரல் உடைந்து கத்தினார். "ஊசி எனக்குப் பெருசில்லடி. இவன் பெரியப்பா போடலயா? அன்னைக்கு உசுரு போற நேரத்துலயும் ஏன்டி வாயத் தொறக்கல? நாளைக்கு என் வீட்டுக்கு வந்தும் இப்பிடித்தான் மூடிக்கிட்டு எங்கயாச்சும் விழுந்து கெடப்பியா? நான் எவகிட்டப் போயி பதில் சொல்வேன்?"

என் நோயைப் பற்றி அதுவரை யாரும் என்மேல் இப்படிக் கோபப்பட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். "இனிமே கத்துவேன் அத்தை" என்றேன்.

"கத்தணும். ஊருக்கே கேக்குற மாதிரி கத்தணும்."

ஜெபசிங் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நான் அன்னைக்குக் கண்ணைத் தொறந்துதான் இருந்தேன். பசின்னு நெனச்சேன். தட்டைக் கொஞ்சம் உங்க பக்கமாத் தள்ளுனது நான்தான்" என்றார். சட்டைப் பையில் இருந்து மோதிரத்தை எடுத்தார். அடுப்படியில் காப்பி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அம்மா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று பெரியப்பா தாலியை எடுத்துக் கொடுக்கும்முன், நானூறு பேர் முன்னிலையில் மைக்கில் கேட்டார்: "பொண்ணு ஊசி போட்டாச்சா? இன்னும் போடலையே? அப்ப ஜெபிப்போம்." அன்று முதல் இரண்டு குடும்பத்திலும் அது சட்டம். காதுகுத்தோ, புது வீட்டுப் பிரதிஷ்டையோ, பிறந்தநாளோ, "டீச்சர் ஊசி போட்டுட்டாங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் எந்த ஜெபமும் அடுத்த வாக்கியத்தில் ஆமெனுக்கு வந்தாக வேண்டும். பந்தியில் முதல் இலை எனக்கு. இந்தச் சலுகையை எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு மட்டுமா பயன்படுத்துவார்கள்?

போன மாதம் வில்பட்டியில் ஓர் உறவினர் வீட்டுப் பிரதிஷ்டை. பெரியப்பாவுக்கு எண்பது வயதாகியும் மூச்சு குறையவில்லை. ஆபிரகாமில் இருந்து கிளம்பி எகிப்து வரைக்கும் வந்திருந்தார், இன்னும் செங்கடல் பாக்கி. மட்டன் குழம்பு வாசம் ஹாலை அடைத்துக்கொண்டிருந்தது. நான் அன்று ஊசி போடவில்லை, சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்து ஒரு முழங்கை என் விலாவில் இடித்தது. பத்து வருடத்துக்கும் மேலாக என் நோயை ஈஸ்ட் டப்பாவுக்குள் பூட்டி வைத்திருந்த என் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"எஸ்தரு, பசி உசுரு போகுது. அந்த ஊசிய எடுத்து எல்லாருக்கும் தெரியுற மாதிரி தூக்கிக் காட்டுடி."